காய்ச்சல் வலிப்புக்குப் பிறகு வலிப்பு நோய் வருமா? இ.இ.ஜி, எம்.ஆர்.ஐ, மரபணுப் பரிசோதனை: எதை, எந்தப் பிள்ளைக்குக் கேட்பது

காய்ச்சலோடு வலிப்பு வந்து, வோட்டில் ஓரிரு நாள் இருந்துவிட்டு, டயக்னோசிஸ் காட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வரும் பெற்றோருக்கு அடுத்த கேள்வி ரெடியாக இருக்கும்: இது இத்தோடு போய்விடுமா, பின்னாளில் வலிப்பு நோயாக, அதாவது காய்ச்சல் இல்லாமலே திரும்பத் திரும்ப வலிப்பு வரும் நிலையாக, மாறுமா? பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலிருந்து வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ போய்ச் சேர்வதற்குள் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். இ.இ.ஜி (மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனை) எடுங்கள், ஸ்கேன் எடுங்கள், பெரிய டொக்டரைச் சனல் பண்ணுங்கள், மருந்தை இப்போதே தொடங்குங்கள். நான்கும் நான்கு வெவ்வேறு பிள்ளைகளுக்குப் பொருத்தமாக இருக்கலாம். ஒரே பிள்ளைக்கு நான்கும் தேவைப்படுவது மிக அரிது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான பிள்ளைகளில் எந்த மெஷினை விடவும் கூடுதலாகச் சொல்வது, வலிப்பு எப்படி வந்தது என்று கவனமாக எழுதிய விவரம். இ.இ.ஜிக்கும் எம்.ஆர்.ஐக்கும் இடம் உண்டு, ஆனால் அது குறுகிய இடம். ஒரு வயதுக்கு முன்பே வலிப்பு தொடங்கிய சில பிள்ளைகளுக்கு மட்டும் மரபணுப் பரிசோதனை எல்லாவற்றையும் மாற்றிவிடக் கூடியது. கொழும்பில் அதைத்தான் மிகக் குறைவாகக் கேட்கிறார்கள்.

ஆபத்து உண்மையில் எவ்வளவு

6 மாதத்துக்கும் 5 வயதுக்கும் இடையில் நூறு பிள்ளைகளில் 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. 38 பாகைக்கு மேல் காய்ச்சல் இருக்கவேண்டும், மூளையில் கிருமித் தொற்று இருக்கக் கூடாது, முன்பு காய்ச்சல் இல்லாமல் வலிப்பு வந்திருக்கக் கூடாது. இதில் சாதாரண வகை என்றால் உடல் முழுவதும் வெட்டி இழுக்கும், 15 நிமிடத்துக்குள் நிற்கும், 24 மணித்தியாலத்துக்குள் மறுபடி வராது. ஒரு பக்கமாக வந்தாலோ, 15 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாம் முறை வந்தாலோ அது சிக்கலான வகை.

கரின் நெல்சனும் ஜோனாஸ் எலன்பெர்க்கும் அமெரிக்காவில் 1,706 பிள்ளைகளை 7 வயது வரை பின்தொடர்ந்து 1976இல் வெளியிட்ட கணக்கு இன்றும் அடித்தளமாக இருக்கிறது. காய்ச்சல் வலிப்பு வந்தவர்களில் 7 வயதுக்குள் வலிப்பு நோய் வந்தது நூற்றுக்கு 2 பேருக்கு. முன்பு வளர்ச்சியில் எந்தக் குறையும் இல்லாமல், முதல் வலிப்பும் சாதாரண வகையாக இருந்தவர்களில் அது ஆயிரத்துக்கு 11. காய்ச்சல் வலிப்பே வராத பிள்ளைகளில் ஆயிரத்துக்கு 5. ஏற்கெனவே வளர்ச்சிக் குறை இருந்து, முதல் வலிப்பும் சிக்கலான வகையாக இருந்தால் ஆயிரத்துக்கு 92.

மினசோட்டா மாநிலத்தின் ரொசெஸ்டரில் 687 பிள்ளைகளை வளர்ந்த பிறகும் பின்தொடர்ந்த ஆய்வு 1987இல் வந்தது. அங்கே 25 வயதுவரை பார்த்தால், சாதாரண வகைக்கு ஆபத்து 2.4 வீதம். மேலே சொன்ன மூன்று சிக்கல் அறிகுறிகளில் ஒன்று இருந்தால் 6 முதல் 8 வீதம், இரண்டு இருந்தால் 17 முதல் 22, மூன்றும் இருந்தால் 49 வீதம். கடைசி எண்ணைப் படித்துப் பயப்படவேண்டாம், மூன்றும் சேர்ந்து வரும் பிள்ளைகள் மிகக் குறைவு. ஆனால் இந்தப் படிக்கட்டைக் கவனியுங்கள். 2இலிருந்து 49 வரை ஏறுவதற்கு ஒரு பரிசோதனையும் தேவைப்படவில்லை. எவ்வளவு நேரம், எந்தப் பக்கம், எத்தனை முறை என்ற மூன்று கேள்விகளே போதுமாக இருந்தன.

மறுபடி வருவது வேறு, வலிப்பு நோய் வேறு

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பயம். முதல் காய்ச்சல் வலிப்புக்குப் பிறகு மூன்றில் ஒரு பிள்ளைக்கு இன்னொரு காய்ச்சலில் மறுபடி வரும். முதல் தடவை ஒரு வயதுக்கு முன்பே வந்திருந்தால் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வரும். 18 மாதத்துக்குக் கீழ் வயது, தாய் தகப்பனுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ காய்ச்சல் வலிப்பு வந்திருப்பது, வலிப்பு வந்தபோது காய்ச்சல் அவ்வளவு கூடுதலாக இல்லாதது, காய்ச்சல் தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் வலிப்பு வந்தது ஆகிய நான்கும் மறுபடி வருவதைச் சொல்லும் அடையாளங்கள்.

வலிப்பு நோயைச் சொல்லும் பட்டியல் வேறு: முன்பிருந்தே வளர்ச்சிக் குறை அல்லது நரம்புக் குறை, சிக்கலான வகை வலிப்பு, நெருங்கிய உறவில் காய்ச்சல் இல்லாத வலிப்பு நோய், காய்ச்சல் தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் வந்த வலிப்பு. கடைசி ஒன்று மட்டும் இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. ஆகவே தகப்பனுக்குச் சிறுவயதில் காய்ச்சல் வலிப்பு வந்திருந்தால் பிள்ளைக்கு மறுபடி வரும் வாய்ப்புக் கூடும், வலிப்பு நோய்க்கான ஆபத்தை அது தனியாகப் பெரிதாக ஏற்றுவதில்லை. சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ ‘வலிப்பு’ என்று குடும்பத்தில் சொன்னால், காய்ச்சலோடு வந்ததா, காய்ச்சல் இல்லாமலா, இப்போதும் மருந்து எடுக்கிறாரா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு டொக்டரிடம் போங்கள். சம்பந்தம் பேசும் காலத்தில் மறைத்த விஷயம் என்று சிலர் வாய் திறக்கமாட்டார்கள். பிள்ளைக்காகக் கேட்கிறோம் என்று சொன்னால் சொல்லிவிடுவார்கள்.

வழி ஒன்று: எழுதிய விவரம்

செலவு இல்லை, பயிற்சி கொஞ்சம் தேவை. இதில் தப்புப் போகும் இடங்கள் இரண்டு.

முதலாவது நேரம். பயத்தில் இரண்டு நிமிடம் இருபதாகத் தெரியும். அதைவிடப் பெரிய பிழை, வலிப்பு நின்ற பிறகு வரும் அசந்த தூக்கத்தையும் வலிப்போடு சேர்த்துக் கணக்கிடுவது. மாறாக, வெட்டுவது குறைந்து கண் மட்டும் திறந்தபடி ஒரு பக்கம் செருகியிருக்கும்போது ‘நின்றுவிட்டது’ என்று நினைப்பதும் நடக்கிறது. அப்போது வலிப்பு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். கண் மூடி, உடல் தளர்ந்து, ஆழமாக மூச்சு விட்டால், அல்லது அழுதால் நின்றதாக எடுத்துக்கொள்ளலாம். 15 நிமிடக் கோடுதான் பிள்ளையை ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற்றுகிறது என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம்.

இரண்டாவது பக்கம். முதலில் எந்தக் கை அல்லது கால் இழுத்தது, கண் எந்தப் பக்கம் திரும்பியது, வலிப்பு நின்ற பிறகு ஒரு கை சோர்ந்து தூக்கமுடியாமல் இருந்ததா? இவற்றை நினைவில் வைத்திருப்பது கடினம். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். போர்வையை விலக்கி, முகமும் இரண்டு கைகளும் இரண்டு கால்களும் ஒரே படத்தில் வரவேண்டும். லைட்டைப் போடுங்கள். வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போனில் உள்ள மூல வீடியோவை அழிக்காதீர்கள், எடுத்த நேரம் அதில்தான் இருக்கும். வாயில் கரண்டி, தண்ணீர், கையில் இரும்புச் சாவி ஒன்றும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம்.

அன்றிரவே தமிழில் எழுதிவைத்துவிடுங்கள்: காய்ச்சலை முதலில் கவனித்த நேரம், வலிப்புத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், வெப்பமானி காட்டியது, எந்தப் பக்கம், அந்த நாளில் எத்தனை முறை. அவசரத்தில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ திக்கித்திணறிச் சொல்லும்போது விடுபடுவது இந்த விவரங்கள்தான். வோட்டை விட்டுப் போகும்போது டயக்னோசிஸ் காட்டில் வலிப்பு நீடித்த நிமிடமும் பக்கமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே காய்ச்சல் வலிப்பு என்று மட்டும் இருந்தால் சேர்த்து எழுதும்படி கேட்கலாம். மூன்று வருடம் கழித்து வேறொரு டொக்டர் பார்க்கும்போது அந்த ஒரு வரி மட்டுமே மிஞ்சியிருக்கும்.

பிள்ளை காய்ச்சல் குளிரில் நடுங்குவதை வலிப்பு என்று எழுதிவிடாமலும் கவனம் வேண்டும். குளிர் நடுக்கத்தில் பிள்ளை உங்களைப் பார்க்கும், கூப்பிட்டால் திரும்பும்.

வழி இரண்டு: இ.இ.ஜி

சாதாரணக் காய்ச்சல் வலிப்பு வந்த, நரம்புக் குறை எதுவும் இல்லாத பிள்ளைக்கு இ.இ.ஜி எடுக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பின் 2011 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. வழமையான இரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் வேண்டாம் என்கிறது. காசை மிச்சம் பிடிக்கச் சொன்னது இல்லை இது. கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

சாதாரண வகை வந்த 1000 பிள்ளைகளை எடுங்கள். ஏறத்தாழ 20 பேருக்குப் பின்னாளில் வலிப்பு நோய் வரும். இ.இ.ஜி அவர்களில் பாதிப் பேரைப் பிடித்துவிடும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், அது 10. மீதி 980 பேரில் நூற்றுக்கு 5 பேருக்கு மட்டும் தவறாகக் கோளாறு காட்டும் என்று வைத்தால் 49 பேர். ஆக ‘அப்நோர்மல்’ என்று ரிப்போர்ட் கிடைக்கும் 59 பேரில் 49 பேருக்கு ஒன்றும் வராது. நோய் வரப்போகிற 10 பேர் ‘நோர்மல்’ ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போவார்கள். இவை விளக்கத்துக்காக எடுத்த எண்கள், ஆனால் எண்களைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினாலும் விடை பெரிதாக மாறாது. நோய் அரிதாக இருக்கும்போது எந்தப் பரிசோதனையும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

இதோடு நேரப் பிரச்சினையும் இருக்கிறது. வலிப்பு வந்த முதல் வாரம் பத்து நாளுக்குள் எடுத்தால் பிடரிப் பக்கத்தில் அலை மந்தமாகத் தெரிவது சாதாரணம். அது வலிப்பு விட்டுச்சென்ற தடம், தானாகப் போய்விடும். வேறு காரணத்துக்காக எடுத்த நல்ல சுகதேகியான பிள்ளைகளிலும் சிலருக்குக் கூர் அலைகள் தெரிகின்றன. அந்த அலைகளுக்காக மருந்து தொடங்கி, வருடக்கணக்கில் விழுங்கி, பள்ளிக்கூடத்தில் ‘வலிப்புக்காரப் பிள்ளை’ என்ற பெயரோடு வளர்வதுதான் தேவையில்லாமல் எடுத்த இ.இ.ஜியின் உண்மையான விலை.

எப்போது எடுக்கலாம்? வலிப்பு ஒரு பக்கமாக வந்து அந்தக் கை சிறிது நேரம் சோர்ந்திருந்தால், 30 நிமிடத்தைத் தாண்டியிருந்தால், வளர்ச்சிக் குறை இருந்தால், காய்ச்சலே இல்லாமல் ஒரு முறை வந்துவிட்டால். எடுப்பது என்று முடிவானால் ஒழுங்காக எடுங்கள். முதல் நாள் இரவு தலையை ஷாம்பூ போட்டுக் கழுவி, நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தொடாமல் கூட்டிப்போகவேண்டும். எண்ணெய்த் தலையில் இருபது சொச்சம் எலக்ட்ரோட்டும் வழுக்கும், அரைமணி நேரப் பதிவு முழுக்க இரைச்சலாக வரும். பிள்ளையை இரவு பிந்திப் படுக்கவைத்து விடியமுன் எழுப்பி, த்ரீவீலரில் தூங்கவிடாமல் விளையாட்டுக் காட்டிக்கொண்டே போங்கள். அங்கே போய்த் தூங்கினால்தான் தூக்கப் பதிவும் கிடைக்கும். பதிவுக்கு முன் தூங்கிவிட்ட பிள்ளைக்கு இன்னொரு நாள் கொடுப்பார்கள், அவ்வளவு பாடும் வீண்.

வழி மூன்று: எம்.ஆர்.ஐ, சி.டி

சி.டி ஸ்கேனுக்கு இந்தக் கேள்வியில் இடமே இல்லை. தலையில் அடி, மூளை அழுத்தம் போன்ற அவசரத்துக்கு அது உதவும். வலிப்பு நோயைக் கணிக்க உதவாது, கதிர்வீச்சு மட்டும் மிஞ்சும்.

எம்.ஆர்.ஐ நல்ல படம் தரும், ஆனால் 5 வயதுக்குக் கீழ் மயக்க மருந்து இல்லாமல் பிள்ளை அசையாமல் இருக்காது. அதற்கு 6 மணித்தியாலம் உணவும் பாலும் நிறுத்தவேண்டும், தாய்ப்பால் என்றால் 4. சளி, இருமல் இருந்தால் மயக்க மருந்து கொடுக்கத் தயங்குவார்கள். காய்ச்சல் வலிப்புப் பிள்ளைக்குச் சளி இல்லாத வாரத்தைக் கண்டுபிடிப்பது எளிதில்லை.

இது பயன் தருவது நீண்ட வலிப்பில். 30 நிமிடத்தைத் தாண்டிய காய்ச்சல் வலிப்பைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஃபெப்ஸ்டாட் ஆய்வில், முதல் நாட்களில் எம்.ஆர்.ஐ எடுத்த 191 பிள்ளைகளில் 22 பேருக்கு ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியில் வீக்கத்தின் அடையாளம் தெரிந்தது. அவர்களில் ஒரு வருடம் கழித்து மறுபடி படம் எடுத்த 14 பேரில் 10 பேருக்கு அந்தப் பகுதி சுருங்கித் தழும்பாகியிருந்தது. நெற்றிப்பொட்டுப் பகுதி வலிப்பு நோயோடு தொடர்புபட்ட தழும்பு அது. அதனால் அரைமணி நேரம் தாண்டிய வலிப்புக்கு, ஒரு பக்கச் சோர்வு நீடித்தால், தலைச் சுற்றளவு வயதுக்கு ஒவ்வாமல் இருந்தால் எம்.ஆர்.ஐ கேட்பது நியாயம். மூன்று நிமிட வலிப்புக்கு எடுத்த எம்.ஆர்.ஐ நோர்மலாக வரும், வந்தும் ஒன்றையும் முடிவு செய்யாது.

வழி நான்கு: மரபணுப் பரிசோதனை

டிராவே நோய் என்று ஒன்று இருக்கிறது. 1978இல் ஷார்லட் டிராவே விவரித்தது. நல்ல சுகமாகப் பிறந்து வளரும் பிள்ளைக்கு முதல் வயதுக்குள், பெரும்பாலும் 4 முதல் 8 மாதத்துக்குள், காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வரும். ஒருமுறை வலப்பக்கம், அடுத்த முறை இடப்பக்கம் என்று மாறும். காய்ச்சல் 38ஐத் தொட்டும் தொடாமலும் இருக்கும். வெந்நீர்க் குளிப்பில் வரும், தடுப்பூசி போட்ட நாளில் வரும். முதலில் எல்லோரும் காய்ச்சல் வலிப்பு என்றே நினைப்பார்கள். முதல் வருடத்தில் இ.இ.ஜியும் எம்.ஆர்.ஐயும் பெரும்பாலும் நோர்மலாகவே வரும். மிகவும் தேவைப்படும் பிள்ளையில்தான் இந்த இரண்டு பரிசோதனைகளும் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று தவறான ஆறுதல் தருகின்றன.

இந்தப் பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எஸ்.சி.என்.1.ஏ என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். முன்கூட்டித் தெரிந்தால் என்ன பயன் என்றால், வலிப்புக்கு வழமையாகக் கொடுக்கும் கார்பமசெபின், ஃபெனிடோயின், லமோட்ரிஜின் போன்றவை இங்கே நிலைமையை மோசமாக்கும். தெரிந்தால் அவற்றைத் தவிர்த்து வேறு மருந்தில் தொடங்கலாம்.

ஜப்பானில் ஹத்தோரியும் கூட்டாளிகளும் 2008இல் வெளியிட்ட புள்ளிக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு வயதுக்கு முன் காய்ச்சல் வலிப்பு வந்த பிள்ளைக்கு மட்டும் இது பொருந்தும். 7 மாதம் அல்லது அதற்கு முன் தொடங்கினால் 2 புள்ளி. ஒரு வயதுக்குள் மொத்தம் 5 அல்லது அதற்கு மேல் வந்திருந்தால் 3. 10 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 3. உடலின் ஒரு பாதி முழுவதும் இழுத்தால் 3. ஓர் இடத்தில் மட்டும் தொடங்கினால் 1, திடீர்த் துள்ளல் இருந்தால் 1, வெந்நீரில் வந்தால் 2. கூட்டுத்தொகை 6 அல்லது அதற்கு மேல் போனால் நரம்பியல் டொக்டரிடம் மரபணுப் பரிசோதனை பற்றி நேரடியாகக் கேளுங்கள். தாமதிக்க வேண்டாம். ஒரே காய்ச்சலில் கொத்தாகப் பல வலிப்பு வரும் பெண்குழந்தைகளில் பி.சி.டி.எச்.19 என்ற வேறொரு மரபணுவையும் தேடுவார்கள்.

இரண்டு வயதில் முதல் முறையாகச் சாதாரண வலிப்பு வந்த பிள்ளைக்கு இந்தப் பரிசோதனை தேவையே இல்லை.

கணித்த பிறகு என்ன மருந்து

எந்த மருந்தும் பின்னாளில் வரும் வலிப்பு நோயைத் தடுப்பதாகக் காட்டப்படவில்லை. டென்மார்க்கில் ஒரு கூட்டத்துக்கு காய்ச்சல் நேரத்தில் வலிப்பைத் தடுக்கும் மருந்தும், இன்னொரு கூட்டத்துக்கு வலிப்பு வந்தால் மட்டும் மருந்தும் கொடுத்து, 12 வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை.

தினமும் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டோன் பற்றி 1990இல் வந்த ஆய்வில், மருந்து எடுத்த பிள்ளைகளின் நுண்ணறிவு எண் 8.4 புள்ளி குறைவாக இருந்தது, வலிப்பும் குறையவில்லை. வால்ப்ரோயேட் 2 வயதுக்குக் கீழ் கல்லீரலுக்கு ஆபத்தானது. காய்ச்சல் நாட்களில் மட்டும் கொடுக்கும் டயசிபாம், குளோபசாம் மறுபடி வருவதைக் குறைக்கும், ஆனால் பிள்ளை தள்ளாடும், தூங்கி வழியும். அந்தத் தூக்கம் மூளைக்காய்ச்சலின் மயக்கத்தை மறைத்துவிடும் என்பதுதான் எங்கள் கவலை. அதோடு பல பிள்ளைகளுக்குக் காய்ச்சல் தெரியவருவதே வலிப்போடுதான். அடிக்கடி நீண்ட வலிப்பு வரும், வைத்தியசாலைக்குத் தூரமாக வசிக்கும் குடும்பத்துக்கு மட்டும் இது யோசிக்கத்தக்கது.

பெனடோல் வலிப்பைத் தடுக்காது. பிள்ளைக்கு இதமாக இருக்கக் கொடுங்கள்: கிலோவுக்கு 15 மி.கி, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 12 கிலோ பிள்ளைக்கு 180 மி.கி, 5 மி.லியில் 120 மி.கி உள்ள சிரப் என்றால் 7.5 மி.லி. டெங்கு உள்ள ஊரில் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மருந்தைக் காய்ச்சலுக்குக் கொடுக்கவே கூடாது.

நீண்ட வலிப்பு ஒருமுறை வந்த பிள்ளையின் வீட்டில் இருக்கவேண்டியது அவசர மருந்து. மலவாயில் டயசிபாம் கிலோவுக்கு 0.5 மி.கி, 5 நிமிடம் தாண்டிய பிறகு. 12 கிலோவுக்கு 6 மி.கி, 2 மி.லியில் 10 மி.கி உள்ள குப்பியிலிருந்து 1.2 மி.லி. ஊசியைக் கழற்றிவிட்டுத்தான் கொடுக்கவேண்டும், எப்படி என்று தாதியிடம் செய்து பார்த்துப் பழகுங்கள். முன்கூட்டியே சிரிஞ்சில் இழுத்து வைக்க வேண்டாம். பிள்ளையின் எடை கூடக்கூட அளவை டொக்டரிடம் மாற்றி எழுதுவியுங்கள், போன வருட அளவு இந்த வருடம் போதாது. வீட்டில் ஒரு முறைதான். நிற்காவிட்டால் இரண்டாவது வைத்தியசாலையில், ஏனென்றால் மூச்சு மந்தமாகலாம்.

தடுப்பூசியும் அடுத்த கிளினிக்கும்

9 மாதத்தில் போடும் எம்.எம்.ஆர் ஊசிக்குப் பிறகு ஒரு வாரம், பன்னிரண்டு நாளுக்குள் காய்ச்சல் வலிப்பு வரலாம். அது வலிப்பு நோய்க்கான ஆபத்தைக் கூட்டுவதில்லை, அதற்காக அடுத்த ஊசியை நிறுத்தவும் வேண்டாம். மருத்துவிச்சியிடம் சொல்லிக் கிளினிக் கொப்பியில் எழுதிவைத்தால் போதும். 6 முதல் 12 மாதத்துக்குள் வலிப்பு வந்து, ஊசிகள் விடுபட்டிருந்தால், அல்லது ஏற்கெனவே குடும்ப வைத்தியரிடம் அன்டிபயோட்டிக் குடித்திருந்தால் அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூளைக்காய்ச்சல் மறைந்திருக்கலாம் என்று முதுகுத்தண்டு நீர் எடுக்க யோசிப்பார்கள். அந்தச் சந்தேகத்தில் மறுக்கவேண்டாம்.

பிறகு பார்க்கவேண்டியது காய்ச்சல் இல்லாத வலிப்பு. காலையில் எழும்போது கை துள்ளிக் கோப்பை விழுவது, பேசிக்கொண்டிருக்கும்போது சில நொடி வெறித்துப் பார்ப்பது, தூக்கத்தில் ஒரு பக்கம் இழுப்பது, 6 வயது தாண்டியும் காய்ச்சலோடு வலிப்பு தொடர்வது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு, பழைய டயக்னோசிஸ் காட்டையும் சேர்த்து நரம்பியல் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். அன்று எடுக்கும் இ.இ.ஜிக்கு நிஜமான வேலை இருக்கும்.